படிக்க மட்டும் அனுமதி

வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் அலுவலகத்துக்குள் முதலில் நுழைந்தவர்களில் நானும் ஒருத்தி. துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, உப்பளங்களை ஒட்டி இருக்கும் கன்டெய்னர் யார்டு அது. கப்பலேறப் போகும் சரக்கு வந்து தங்கி, பேப்பர் எல்லாம் சரியான பிறகு கிளம்பிப் போகும் இடம். நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். பதவியின் பெயர் பெரிதாக இருக்கும். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

தரைத்தளத்தில் ஒரு மேசைக்கு அடியில் ஃபைல் சர்வர் இருந்தது. அதை மாடிக்கு மாற்றுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன். உள்ளே போனபோது மேசை கவிழ்ந்து கிடந்தது. சர்வர் பெட்டியைத் தூக்கியதும் அதன் வயிற்றிலிருந்து சேறு ஒழுகியது. இத்தனை வருடங்களில் ஸ்கேன் செய்து வைத்த ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதற்குள்தான்.

மேனேஜர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். அவருடைய வயலில் நெல்லுக்கு மேல் ஆற்று மணல் ஏறிக் கிடந்தது. வீட்டில் சுவர் பாதி இல்லை. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு வந்த முதல் போன், "சர்வர் எப்படி இருக்கு?" என்பதுதான். அவர் என் முன்னால் நின்றுதான் பேசினார். "பாத்துக்கிட்டு இருக்கோம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

டிஸ்க்குகளில் ஒன்றும் மீளவில்லை. டாக்குமெண்டேஷன் செக்‌ஷன்தான் எல்லாவற்றையும் மறுபடி சேர்த்தது. அந்த செக்‌ஷனுக்குத் தலைமை ஓர் அக்கா. கடற்கரைத் தெருவில் வீடு. கணவர் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து மதியச் சாப்பாடு அவரோடுதான். என் டப்பாவிலிருந்து கூட்டு அவர் தட்டுக்குப் போகும், அவர் டப்பாவிலிருந்து மீன் குழம்பு எனக்கு வரும். உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த என் அப்பா வீட்டில் மீன் என்றால் கருவாடுதான். சீலாவையும் விளமீனையும் எனக்கு அடையாளம் காட்டியது அக்கா.

அவரும் அவருக்குக் கீழே இருந்த பெண்களும் ஏற்றுமதிக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "அண்ணாச்சி, ஒங்ககிட்ட காப்பி இருந்தா அனுப்புங்க" என்று கேட்டுக் கேட்டு, பழைய பேப்பர்களை ஒவ்வொன்றாக வாங்கித் திரும்ப ஸ்கேன் செய்தார்கள். மருந்துக்கு நிலாவரை இலை அனுப்புகிறவர்கள், உப்பு அனுப்புகிறவர்கள், இறால் அனுப்புகிறவர்கள் எல்லோரும் அக்கா குரலுக்காகத்தான் கொடுத்தார்கள். கம்பெனி பெயரைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் உடனே போனை வைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் கிளஸ்டர் வந்தது. ஒரே சர்வரை நம்பாமல், மூன்று மெஷின்களை மாடி அறையில் வைத்து, மூன்றையும் ஒரே கிடங்கு போல வேலை செய்ய வைப்பது. ஒரு ஃபைலைச் சேமித்தால் அதன் பிரதி மூன்றிலும் போய் உட்கார்ந்துவிடும். ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் தாங்கும். இதை எழுதிக் கொடுத்து, பேசி, மேனேஜரைச் சம்மதிக்க வைத்தது நான். படித்து முடித்துப் பல வருடம் கழித்து, படித்ததற்கு ஏற்ற ஒரு வேலை என் கைக்கு வந்திருந்தது. அந்த மாதங்களில் யார்டில் நான் நடந்த நடையே வேறு மாதிரி இருந்ததாகப் பின்னால் என் கணவர் சொன்னார்.

கிளஸ்டருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. மேனேஜர் முத்து என்று வைக்கச் சொன்னார். முத்துக் குளித்த இந்த ஊரில் லாட்ஜிலிருந்து லாரி சர்வீஸ் வரை அந்தப் பெயர்தானே. அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"முத்தா? எடுத்தவன் வீட்ல அது என்னைக்குளா தங்கியிருக்கு?"

கிடங்கைக் கட்டுவது பாதி வேலைதான். அலுவலகத்தின் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அதோடு இணைப்பது மீதிப் பாதி. இணையப்போகும் மெஷினில் ஒரு சின்ன மென்பொருளை ஏற்ற வேண்டும். கிடங்கின் முகவரியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு அதற்கென்று ஒரு சாவி. நிஜச் சாவியில்லை, எழுத்துகளும் எண்களுமாக ஒரு வரி. எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், திறந்தால் படிக்க மட்டுமா, எழுதவும் செய்யலாமா என்பதெல்லாம் அந்தச் சாவிக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எல்லாம் சரியாக இருந்தால், மாடியில் இருக்கும் கிடங்கு அந்த மெஷினிலேயே ஒரு ஃபோல்டராக வந்து நிற்கும். உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. எடைமேடை கேபினில் இருந்த மெஷின் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முதலில் கேபிள். உப்புக்காற்றில் அதன் முனையிலிருந்த செம்பெல்லாம் பச்சை பூத்துப்போயிருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முனை போட்டேன். தகரக் கூரைக்குக் கீழே வேர்வை கண்ணுக்குள் இறங்குகிறது. வெளியே டிரெய்லர்க்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். கேபிள் சரியான பிறகும் கிடங்கு அந்த மெஷினை உள்ளே விடவில்லை. சாவி சரி, முகவரி சரி. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். மெஷினுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்து, அதன் கடிகாரம் பல வருடம் பின்னால் நின்றுகொண்டிருந்தது. தன் நேரத்தோடு ஒத்துப்போகாத மெஷினின் சாவியைக் கிளஸ்டர் ஏற்காது. கடிகாரத்தைத் திருத்தியதும் ஃபோல்டர் வந்து நின்றது. எடை போடும் அண்ணாச்சி, "இதுக்குத்தானா இந்தப் பாடு?" என்றார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷத்தில்தான்.

டாக்குமெண்டேஷன் அறையைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அக்கா நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"மாடில ஒரு மெஷினு செத்துப்போனா?"

"மத்த ரெண்டு இருக்குல்லக்கா. ஒங்களுக்குத் தெரியக்கூடச் செய்யாது."

"அப்போ இனிம எவன்கிட்டயும் போய் காப்பி கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம்."

"வேண்டாம்."

"நல்லாருப்ப" என்றார். என் தலையில் கை வைத்துச் சொன்னார்.

வேலை முடிந்ததும் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். மாடி அறையில் அந்த மூன்று மெஷின்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இடம் போதவில்லை. என்னை ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். படத்தில் என் தோள் மட்டும் விழுந்திருந்தது. அப்போது எனக்கு அது வருத்தமாக இல்லை.

சில வாரம் கழித்து, சென்னையில் இருக்கும் மெஷின்களையும் நம் கிளஸ்டரோடு இணைக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். ஆடிட்டுக்காகப் பார்க்க வேண்டுமாம், அதனால் படிக்க மட்டும் அனுமதி போதும் என்றார். சாவிகள் செய்து அனுப்பினேன். அங்கே ஓர் இன்ஜினியர் இருந்தார். பணிவாகப் பேசுவார், வரிக்கு ஒரு மேடம் போடுவார். அவரும் நானும் போனிலேயே ஒவ்வொரு மெஷினாக இணைத்தோம். பிறகு அந்தச் சாவிகளுக்கு எழுதும் அனுமதியும் வேண்டும் என்று கேட்டார்கள்.

"ஆடிட் பண்ணுதவங்களுக்கு எழுதுத வேலை என்ன சார்?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் பாத்தா வேலை வெரசா முடியும்னு சொல்லுதாங்க. குடுத்துரும்மா."

கொடுத்தேன். அடுத்து, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்டு, எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகச் சாவியில் இன்னொன்றைச் சென்னை இன்ஜினியருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அது நியாயமான கேள்விதான். எந்தப் பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்லும். அதையும் கொடுத்தேன்.

அதே நாட்களில் சென்னையிலிருந்து சில இளம்பிள்ளைகள் அக்காவுக்குத் தினமும் போன் செய்யத் தொடங்கினார்கள். எந்த ஃபோல்டரில் எது இருக்கும், இறால் கன்டெய்னருக்கு எந்தச் சான்றிதழ் முதலில் வர வேண்டும், எந்த ஏற்றுமதிக்காரர் எதைக் கொடுக்க மறப்பார் என்று கேட்பார்கள். அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பாத்தியா, இத்தனை வருசத்துல இப்பதான் நம்ம என்ன பண்ணுதோம்னு கேக்கணும்னு தோணிருக்கு அவங்களுக்கு" என்பார். அவர் முகத்தில் அந்த நாட்களில் ஒரு பூரிப்பு இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவர்கள் ஏமாற்றியதைக்கூட விட்டுவிடலாம். ஏமாற்றிக்கொண்டிருக்கும்போதே அவரைச் சந்தோஷப்பட வைத்தார்களே, அதை விட முடியவில்லை.

பிறகு அந்த நாள். காலையில் என் மேசைக்கு அக்காவிடமிருந்து போன்.

"ஏளா, இங்கன வா. சேவ் ஆகமாட்டேங்கு."

போனேன். இறால் ஏற்றிய குளிர்பதனக் கன்டெய்னர் ஒன்று பதினோரு மணிக்குள் துறைமுக கேட்டைத் தாண்டியாக வேண்டும். அதற்கான பேப்பர்களைத் திருத்தி அக்கா சேமிக்கப் பார்க்கிறார். அனுமதி இல்லை என்று வருகிறது. பக்கத்து மெஷினிலும் அதே. அறை முழுக்க அதே. ஃபைல்கள் தெரிகின்றன, திறக்கின்றன, படிக்க முடிகிறது. ஒரு எழுத்தை மாற்ற முடியவில்லை.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். டாக்குமெண்டேஷன் அறையின் சாவியிலிருந்து எழுதும் அனுமதி எடுக்கப்பட்டிருந்தது. நான் எடுக்கவில்லை. சென்னைக்குப் போன் போட்டேன்.

"மேனேஜ்மென்ட் டிசிஷன் மேடம்" என்றார் இன்ஜினியர். "இன்னைலருந்து டாக்குமெண்டேஷன் இங்கயேதான். உங்களுக்கு மெயில் வந்திருக்கணுமே?"

"வரல."

"ஓ. வந்துடும் மேடம்."

"இப்ப ஒரு ரீஃபர் கன்டெய்னர் நிக்கி. அத யார் பாப்பா?"

"எங்க டீம் பத்தரைக்குத்தான் வருவாங்க மேடம்."

மேனேஜரின் அறைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். அவருக்குத் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

"நான் என்னம்மா பண்ண முடியும்? மேல உள்ளவங்க முடிவு" என்றார்.

"அந்த அக்காட்ட சொன்னீங்களா சார்?"

"சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன். அந்த இன்ஜினியர் காலைலயே பண்ணிட்டான்."

நான் திரும்ப மாடிக்குப் போய், நிர்வாகச் சாவியால் அந்த அறைக்கு எழுதும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. ஒரு வரி அடித்தால் முடிகிற வேலை. கீழே வந்து, "இப்ப பாருங்கக்கா" என்றேன். சேமிப்பு நடந்தது. அக்கா மளமளவென்று வேலையை முடித்தார். கன்டெய்னர் நேரத்துக்குள் கேட்டைத் தாண்டியது. மதியம் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம். டாக்குமெண்டேஷன் சென்னைக்குப் போவதை நான் சொல்லியிருக்க வேண்டுமா என்று யாராவது கேட்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் தன் அறையில் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நானே சொல்லிவிட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அக்கா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"காலைல எழுத விடாமப் பண்ணுனது யாரு?"

"சென்னைல இருந்துக்கா."

"பெறகு எழுத விட்டது?"

"நான்தான்."

"அப்போ சாவி ஒங்கிட்ட இருந்திருக்கு."

"என்கிட்டயும் இருந்துச்சுக்கா. அவங்ககிட்டயும்."

"அவங்களுக்கு யாரு குடுத்தா?"

அக்கா டப்பாவை மூடினார். "நீ கும்பினிக்காரியாவே இருந்துக்க. தப்பில்ல" என்றார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மாலையில் மேனேஜர் அந்த செக்‌ஷனில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சென்னைக்கு மாற்றல், போக முடியாதவர்கள் ராஜினாமா கொடுக்கலாம் என்றார். அக்காவின் கணவருக்கு முதுகு போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கடலுக்குப் பக்கத்தில் வீடு, கூடவே மாமியார். சென்னைக்கு எப்படிப் போவார்? அது கம்பெனிக்கும் தெரியும். தெரிந்துதான் மாற்றல் என்று பெயர் வைத்தார்கள். துரத்தினார்கள் என்று எவரும் சொல்ல முடியாது பாருங்கள்.

அடுத்த வாரம், அனுமதியை மாற்றியது யார் என்று சென்னையிலிருந்து கேட்டார்கள். நான்தான் என்றேன். கன்டெய்னரைப் பற்றிச் சொன்னேன். பத்தரைக்கு டீம் வந்திருக்குமே, அவர்கள் பார்த்திருப்பார்களே என்றார்கள். பத்தரைக்கு வந்து தொடங்கினால் கேட் மூடிவிடும் என்பது அவர்களுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். இல்லை, புரிந்தது. அது அவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். என் நிர்வாகச் சாவியை ரத்து செய்தார்கள். நான் கட்டிய கிளஸ்டரில் என் மெஷினும் இப்போது ஒரு சாதாரண கிளையன்ட், மற்ற மேசை மெஷின்களைப் போல. டிஸ்க் பழுதானால் சென்னையிலிருந்து போன் வரும். எந்தப் பெட்டியில் எந்த டிஸ்க் என்று சொல்வார்கள். நான் மாடிக்குப் போய்க் கழற்றி மாட்டுவேன்.

கடைசியாக ஒரு வேலை சொன்னார்கள். டாக்குமெண்டேஷன் அறையின் மெஷின்களைக் கிளஸ்டரிலிருந்து பிரித்து குடோனில் அடுக்கச் சொன்னார்கள். இணைத்தவளே பிரித்தேன். இணைப்பதற்குத்தான் கேபிளும் கடிகாரமும் சாவியும் பார்க்க வேண்டும். பிரிப்பதற்கு ஒன்றும் வேண்டாம். நான் அந்த வேலையில் இருக்கும்போது, அக்காவுக்குக் கீழே இருந்த ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போக வந்தாள். என்னைத் தாண்டிப் போய் எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டியே திரும்பிப் போனாள்.

வீட்டில் சொல்லி அழுதேன். என் கணவர் கடையை அடைத்துவிட்டு வந்த களைப்பில் இருந்தார். "ஒனக்கு வேலை இருக்குல்லா? அதப் பாரு" என்றார். நல்ல மனுஷன்தான். எனக்கு மட்டும் வேலை இருந்தது. அதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். வாசலில் அவர் மாமியார் நின்று, "அவ கோயிலுக்குப் போயிருக்கா" என்றார். உள்ளே அக்காவின் இருமல் கேட்டது. திரும்பி நடக்கும்போது எனக்கு வந்தது வருத்தமில்லை, எரிச்சல். சென்னைக்காரனிடம் காட்ட முடியாத முகத்தை என்னிடம் காட்டுகிறார். கைக்கு எட்டுகிறவள் நான் ஒருத்திதானே. அவர் நியாயம் எனக்குப் புரிந்தது. என் நியாயத்தை அவர் புரிந்துகொள்ள மறுத்தார். இன்றைக்கும் அது எனக்குக் கசக்கிறது.

போன மழைக்கு முன்னால் தலைமை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கிளஸ்டரைப் பார்க்க வந்தார். பழைய இன்ஜினியர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம். மாடி அறையில் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீட்டா பண்ணிருக்காங்களே, யார் செட்டப் பண்ணது?" என்று கேட்டார்.

"சென்னைலருந்து ஒரு டீம் வந்து பண்ணுச்சு சார்" என்றார் மேனேஜர்.

நான் ஸ்க்ரூடிரைவரோடு பக்கத்தில்தான் நின்றேன். மேனேஜர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் அதை உண்மையிலேயே நம்பத் தொடங்கியிருந்தார். புதியவர் என்னைப் பார்த்து, "அந்த மூணாவது டிஸ்க்க மாத்திடுங்க" என்றார். மாற்றினேன்.

அக்கா இப்போது டவுனில் ஒரு சின்ன கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை பார்க்கிறார். போன மாதம் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கூட அவர் நாத்தனார் இருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் அவரே என்னைப் பார்த்துவிட்டார். அவரே பக்கத்தில் வந்தார்.

"இது எங்க பழைய ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாத்த பிள்ள" என்று நாத்தனாரிடம் சொன்னார். நாத்தனார் தலையாட்டினார்.

"நல்லாருக்கீங்களாக்கா? அண்ணனுக்கு முதுகு எப்படி இருக்கு?"

"இருக்காவ. நீ இப்பவும் அங்கனதான் இருக்கியா?"

"ஆமாக்கா."

"இரு, இரு" என்றார்.

திருச்செந்தூர் பஸ் வந்தது. நாத்தனார் முண்டியடித்து ஏறி இடம் பிடித்தார். அக்கா பையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஏறினார். ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்வரை நான் அங்கேயே நின்றேன். அவர் நாத்தனாரோடு ஏதோ பேசிக்கொண்டே போய்விட்டார்.